பின்தங்கிய பகுதி முன்னேறிய பகுதியை எட்டிப் பிடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே சட்டம். ஆனாலும் ஒரு பகுதி செழிக்கிறது, இன்னொன்று தேங்கி நிற்கிறது. இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. அங்கங்கே வாய்வழியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

வருமானக் குவிதல், வருமானக் குவிதல் என்கிறார்களே, அது என்ன?

ஏழைப் பகுதியின் தனிநபர் வருமானம் பணக்காரப் பகுதியின் தனிநபர் வருமானத்தை நோக்கி நெருங்கி வருவதுதான். பாடநூல்களில் ‘குவிதல்’ என்று இருக்கும். பேச்சுக்கு அது சரிவரவில்லை என்பதால் இந்தப் பக்கத்தில் ‘நெருங்குதல்’ என்றே எழுதுகிறேன். எதிர்த்திசையில் போனால் ‘விலகுதல்’.

இது நாடுகளுக்கு இடையிலும் பேசப்படும் விஷயம்தான். ஒரே நாட்டுக்குள் பேசும்போது கேள்வி கூர்மையாகிறது. எல்லையில் சுங்கச் சாவடி கிடையாது, விசா கிடையாது, பணம் மாற்ற வேண்டியதில்லை, மொழித் தடையும் பெரும்பாலும் குறைவு. இத்தனை தடைகள் இல்லாதபோதும் இடைவெளி ஏன் மூடவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பின்தங்கிய இடம் தானாகவே வேகமாக வளரும் என்று படித்தேன். ஏன் அப்படி?

குறைந்து செல் விளைவு விதியால். ஒரு தையல் கூடத்தில் பத்துப் பேர் கையால் தைக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் இயந்திரம் வந்த அன்றே உற்பத்தி தாவிக் குதிக்கும். இரண்டாவது, மூன்றாவது இயந்திரங்களுக்கும் நல்ல பலன் உண்டு. பத்துப் பேர் கையிலும் இயந்திரம் வந்த பிறகு பதினோராவதை வாங்கினால், எதாவது ஒன்று பழுதாகும்வரை அது மூலையில்தான் நிற்கும். மூலதனம் குறைவாக உள்ள பகுதி முதல் இயந்திர நிலையில் இருக்கிறது. நிறைந்த பகுதி பதினோராவது இயந்திர நிலையில் இருக்கிறது. ஒரே அளவு முதலீடு முதல் இடத்தில் அதிகம் விளையும்.

1956-இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ வகுத்த வளர்ச்சி மாதிரியின் சாரம் இது. அத்தோடு, லாபம் அதிகம் கிடைக்கும் இடத்துக்கு மூலதனம் போகும், கூலி அதிகம் கிடைக்கும் இடத்துக்கு ஆட்கள் போவார்கள், தொழில்நுட்பம் பார்த்துக் கற்றுக்கொள்ளப்படும் என்று சேர்த்துக்கொண்டால், இடைவெளி மூடியே ஆக வேண்டும். காகிதத்தில் இதில் குறையே காண முடியாது.

சரி, உண்மையில் எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்கா. 1880 முதல் கிடைக்கும் மாநில வருமானக் கணக்குகளை ராபர்ட் பாரோவும் சேவியர் சாலா-இ-மார்ட்டினும் 1990-களின் தொடக்கத்தில் அலசினார்கள். ஏழை மாநிலங்கள் வேகமாக வளர்ந்திருந்தன. இடைவெளி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்ற வேகத்தில் மூடிக்கொண்டு வந்தது. ஜப்பானின் மாகாணங்களிலும் ஐரோப்பிய வட்டாரங்களிலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது.

ஒரு ஜோடியை மட்டும் பார்ப்போம். 1940-இல் செழிப்பான வடகிழக்கு மாநிலமான கனெக்டிகட்டின் தனிநபர் வருமானம், ஏழைத் தென் மாநிலமான மிசிசிப்பியைப் போல நான்கு மடங்குக்கு மேல். 1980-இல் அது இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு மனிதரின் உழைக்கும் காலத்துக்குள் நடந்த மாற்றம் இது. 1980-க்குப் பிறகு இந்த நெருங்குதல் தளர்ந்துபோனது. அதற்கான காரணத்தை இடம்பெயர்வு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வருடத்துக்கு 2 சதவீதம் என்றால் ஐம்பது வருடத்தில் முழுசாக மூடிவிடுமே?

மூடாது. இந்தத் தவறை நன்றாகப் படித்தவர்களும் செய்கிறார்கள். 2 சதவீதம் என்பது தொடக்கத்தில் இருந்த இடைவெளியில் அல்ல, அந்தந்த ஆண்டில் மிச்சம் இருக்கும் இடைவெளியில். இடைவெளி சுருங்கச் சுருங்க, ஆண்டுதோறும் மூடும் அளவும் சுருங்கும். இந்த வேகத்தில் பாதி மூடவே சுமார் 35 ஆண்டு ஆகும்.

பணக்காரப் பகுதி 100, ஏழைப் பகுதி 50 என்று தொடங்குவோம். பணக்காரப் பகுதியை எப்போதும் 100 என்றே வைத்து ஒப்பிட்டால், 35 ஆண்டு கழித்து ஏழைப் பகுதி 71-இல் நிற்கும். (75 அல்லவா என்று கேட்பீர்கள். இந்தக் கணக்கில் இடைவெளியைக் கழித்துப் பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு என்று பார்க்கிறார்கள். 2 மடங்கில் பாதி வழி என்பது சுமார் 1.41 மடங்கு, ஏனென்றால் 1.41-ஐ 1.41-ஆல் பெருக்கினால்தான் 2 வரும்.) 70 ஆண்டு கழித்து 84. அதாவது இன்று பிறந்த குழந்தைக்குப் பேரன் பேத்தி பிறந்த பிறகும் ஆறில் ஒரு பங்கு குறைவாகவே இருக்கும். ஆகவே, ‘நெருங்குகிறது’ என்று யாராவது சொன்னால், என்ன வேகத்தில் என்று உடனே கேளுங்கள்.

வேகமாக வளர்கிறோம் என்று அறிக்கை சொல்கிறது. வித்தியாசமோ கூடிக்கொண்டே போகிறது. யார் சொல்வது பொய்?

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். அதே 100, 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரப் பகுதி ஆண்டுக்கு 3 சதவீதம், ஏழைப் பகுதி 5 சதவீதம். முதல் ஆண்டில் பணக்காரப் பகுதிக்குக் கூடியது 3, ஏழைப் பகுதிக்குக் கூடியது 2.5. வேகமாக வளர்ந்தும் வித்தியாசம் 50-இலிருந்து 50.5 ஆகிவிட்டது. பத்தாம் ஆண்டில் 134, 81 என்று நின்று வித்தியாசம் 53-ஐத் தொடுகிறது. அதற்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கி, இருபதாம் ஆண்டில் 181, 133 என்று வந்து 48 ஆகிறது.

விகிதம் முதல் நாளிலிருந்தே நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் கிடைக்கும் தொகையின் வித்தியாசமோ பத்தாண்டு கூடியது. அறிக்கை எழுதுபவர் விகிதத்தைப் பார்க்கிறார், அங்கே வாழ்பவர் தொகையைப் பார்க்கிறார். அவருடைய ஆதங்கத்தைப் புள்ளிவிவரம் தெரியாத பேச்சு என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை.

பீட்டா, சிக்மா என்று இரண்டு சொல்கிறார்கள். ரெண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஏழைப் பகுதிகள் சராசரியாக வேகமாக வளர்ந்தால் அது பீட்டா நெருங்குதல். எல்லாப் பகுதிகளுக்கும் இடையிலான பரவல் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினால் அது சிக்மா நெருங்குதல். முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவது இருந்தும் இரண்டாவது வராமல் போகலாம். 100-இல் இருந்த பகுதி 50-க்குச் சரிந்து, 50-இல் இருந்தது 100-க்கு ஏறினால், ஏழை வேகமாக வளர்ந்ததாகக் கணக்கு காட்டும். இடைவெளியோ அப்படியே இருக்கும், ஆள்தான் மாறியிருக்கும்.

இதே கண்ணி 1886-இல் பிரான்சிஸ் கால்டன் உயரங்களை ஆராய்ந்தபோதே தெரிந்தது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி வந்தார்கள், ஆனால் ஊரில் எல்லோரும் ஒரே உயரம் ஆகிவிடவில்லை. டேனி குவா 1993-இல் வளர்ச்சி ஆய்வுகளுக்கு இதே எச்சரிக்கையை விடுத்தார். இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், நான் சிக்மாவைத்தான் முதலில் பார்ப்பேன்.

தானாக நெருங்கும் என்றால் சில இடங்கள் மட்டும் ஏன் தலைமுறை தலைமுறையாக அப்படியே கிடக்கின்றன?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். தையல் கூட உதாரணத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இயந்திரம் விளைய வேண்டுமானால் மின்சாரம் தடையில்லாமல் வர வேண்டும், பழுது பார்ப்பவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும், தைத்ததை வாங்க ஆள் வேண்டும், ஒப்பந்தம் மீறினால் முறையிட இடம் வேண்டும். இவை இல்லாத ஊரில் முதல் இயந்திரமும் மூலையில்தான் நிற்கும். அதனால்தான் ‘நிபந்தனைக்கு உட்பட்ட நெருங்குதல்’ என்று ஒன்றைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் தன் கல்வி, கட்டமைப்பு, நிர்வாகம் அனுமதிக்கும் உயரத்தை நோக்கிப் போகிறது. அந்த உயரமே தாழ்வாக இருந்தால், அங்கே போய்ச் சேர்ந்து நின்றுவிடும்.

இன்னொரு காரணம் கூட்டம் கூட்டத்தை ஈர்ப்பது. ஒரு நகரத்தில் ஐம்பது தொழிற்சாலைகள் இருந்தால் ஐம்பத்தொன்றாவது தொழிற்சாலையும் அங்கேயே போகத்தான் விரும்பும். தேர்ந்த ஆட்கள், உதிரிபாகம் தருபவர்கள், வாங்குபவர்கள் எல்லோரும் அங்கே தயாராக இருக்கிறார்கள். இங்கே குறைந்து செல் விளைவு வேலை செய்வதில்லை, பெருகிச் செல் விளைவுதான் வேலை செய்கிறது. 1957-இல் குன்னார் மிர்டால் இதைச் சுழற்சியாக விளக்கினார்: வளரும் இடம் சுற்றியுள்ள பகுதிகளின் இளைஞர்களையும் சேமிப்பையும் உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சப்பட்ட இடம் மேலும் நலியும். பலன் வெளியே பரவுவதும் உண்டு, ஆனால் உறிஞ்சுதல் பெரும்பாலும் வலுவாக இருக்கும் என்றார். போக்குவரத்துச் செலவும் சந்தை அளவும் சேர்ந்து எப்படி ஒரு மையத்தையும் ஒரு விளிம்பையும் உண்டாக்கும் என்று 1991-இல் பால் க்ரூக்மன் கணித வடிவில் காட்டினார்.

மூன்றாவது காரணம் கொள்கையே இழைக்கும் கெடுதல். இந்தியாவில் 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை இரும்பும் எஃகும் நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி சரக்குக் கட்டணம் சமன்செய்யப்பட்டது. நோக்கம் நல்லது. விளைவு என்ன? சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைத்தால் மலிவு என்ற சாதகத்தை அன்றைய பீகாரும் ஒடிசாவும் மேற்கு வங்கமும் இழந்தன. கனிமம் அங்கிருந்து போனது, ஆலைகள் துறைமுகங்களுக்கும் பெரிய சந்தைகளுக்கும் அருகில் எழுந்தன. இன்று பீகாரின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. இந்த ஒரு கொள்கைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இயற்கை கொடுத்த ஒரு சாதகத்தைச் சட்டமே எடுத்துக்கொண்டது.

முதலில் இடைவெளி கூடும், அப்புறம் குறையும் என்கிறார்கள். பொறுமையாக இருந்தால் போதுமா?

ஜெஃப்ரி வில்லியம்சன் 1965-இல் சொன்னது அது. தொழில்மயத்தின் தொடக்கத்தில் சில இடங்கள் மட்டும் ஓடும், பிறகு பலன் பரவி இடைவெளி இறங்கும், கோடு ஒரு குன்றைப் போல ஏறி இறங்கும். பல நாடுகளின் வரலாறு இதற்கு ஒத்துப்போகிறது. சீனாவில் 1980-இல் ஷென்ஜென் உள்ளிட்ட நான்கு கடலோர இடங்களில் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் தொடங்கின. 1990-களில் கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே விலகல் கூர்மையானது. 2000-களின் நடுவிலிருந்து குறையத் தொடங்கியது.

ஆனால் அந்த இறக்கம் காத்திருந்ததால் வந்ததல்ல. 2000-இல் மேற்குப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி ரயிலும் மின்சாரமும் உள்ளே போயின, கடலோரக் கூலி ஏறியதால் ஆலைகள் மலிவான இடம் தேடின, கோடிக்கணக்கானோர் வேலைக்காக இடம்பெயர்ந்தார்கள். இன்னொரு பக்கம் பிரேசிலைப் பாருங்கள். வடகிழக்குப் பகுதிக்கென்று 1959-இலேயே தனி மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பட்டது. அதற்குப் பின் தலைமுறைகள் கடந்தும் அப்பகுதியின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் பாதியை ஒட்டியே நிற்கிறது. குன்றின் உச்சியிலேயே எத்தனை காலம் நிற்க வேண்டியிருக்கும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை.

இளைஞர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். இது நல்லதா, கெட்டதா?

போகிறவருக்குப் பெரும்பாலும் நல்லது. விட்டுச் சென்ற இடத்துக்கு இரண்டும் கலந்தது.

நல்ல பக்கம்: ஆட்கள் குறைந்தால் மிஞ்சியவர்களுக்கு நிலமும் வேலையும் தலைக்குக் கூடும், கூலி ஏறும், அனுப்பும் பணமும் வரும். அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து 1910-க்கும் 1970-க்கும் இடையே சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். மேலே சொன்ன மிசிசிப்பி கணக்கில் இதற்கும் பங்குண்டு. 1980-க்குப் பிறகு நெருங்குதல் தளர்ந்ததற்குப் பீட்டர் கனோங், டேனியல் ஷோக் ஆகியோர் 2017-இல் தந்த விளக்கமும் இதே இடத்தில்தான் வருகிறது. செழிப்பான மாநிலங்களில் கட்டுமான விதிகள் இறுகி வீட்டு விலை ஏறியது. அங்கே போனால் கிடைக்கும் கூடுதல் சம்பளத்தை வாடகை விழுங்கிவிட்டதால், குறைந்த படிப்புள்ள தொழிலாளிகள் போவதை நிறுத்தினார்கள். மனைச் சட்டம் ஒன்று ஒரு நாட்டின் வட்டார இடைவெளியைத் தீர்மானிக்க முடியும் என்பது என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம்.

கெட்ட பக்கம்: கிளம்புகிறவர்கள் கலவையான கூட்டம் அல்ல. இளையவர்களும் படித்தவர்களும்தான் முதலில் கிளம்புவார்கள். ஒன்றிணைப்புக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி நிகரமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை மேற்குக்கு இழந்தது. பள்ளி மூடியது, பேருந்து குறைந்தது, மருத்துவர் போய்விட்டார் என்று ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும். தனிநபர் வருமானக் கணக்கில் இந்தப் பகுதி ‘நெருங்கியதாக’ கூடத் தெரியலாம். ஏனென்றால் வகுக்கும் எண் சிறுத்துவிட்டது.

சாலை போட்டு ரயில் விட்டால் வளர்ச்சி வந்துவிடும்தானே?

வரலாம், போகவும் செய்யலாம். சாலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. உள்ளூர்ப் பொருள் வெளியே போகும் அதே வழியில்தான் பெருநகரப் பொருள் உள்ளே வந்து உள்ளூர் உற்பத்தியாளரை மூடவைக்கிறது. ஜப்பானில் அதிவேக ரயில் இணைத்த சிறு நகரங்களிலிருந்து வணிகமும் கிளை அலுவலகங்களும் பெருநகரத்துக்கு இழுக்கப்பட்டதை ‘உறிஞ்சுகுழல் விளைவு’ என்றே அழைக்கிறார்கள். சீனத் தேசிய நெடுஞ்சாலை வலையமைப்பைப் பற்றி பென்ஜமின் ஃபேபர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெருநகரங்களுக்கு இடையே போகும் வழியில் இணைக்கப்பட்ட விளிம்பு மாவட்டங்களில் தொழில் வளர்ச்சி, இணைக்கப்படாத மாவட்டங்களைவிடக் குறைந்திருந்தது.

இதை வைத்துச் சாலையே வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆம்புலன்ஸ் போக, பிள்ளைகள் கல்லூரிக்குப் போகச் சாலை வேண்டும். சாலை வரும்போது கூடவே பயிற்சி, கடன், உள்ளூர் நிறுவனங்கள் நிமிர அவகாசம் ஆகியவையும் வர வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

அரசு அந்தப் பகுதியில் பணத்தைக் கொட்டினால் சரியாகிவிடாதா?

இதற்கு இத்தாலியைவிட நல்ல பாடம் இல்லை. 1950-இல் தென் இத்தாலிக்கென்று ஒரு சிறப்பு நிதியம் தொடங்கி 1984 வரை நடத்தினார்கள். முதல் இருபது ஆண்டுகளில் தெற்கு உண்மையிலேயே நெருங்கியது. தொடக்கத்தில் நில மீட்பு, குடிநீர், சாலை என்று செலவிட்டார்கள். பிறகு பெரிய ஆலைகளை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். டாரண்டோவின் மாபெரும் எஃகு ஆலை அப்படி வந்ததுதான். சுற்றிலும் அதற்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் முளைக்கவில்லை. இத்தாலியர்களே இவற்றைப் ‘பாலைவனத்தில் எழுப்பிய பேராலயங்கள்’ என்றார்கள். 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் எஃகும் ரசாயனமும் அடிவாங்க, நெருங்குதலும் நின்றது. இன்றும் தெற்கின் தனிநபர் உற்பத்தி மற்ற பகுதிகளில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகவில்லை.

ஜெர்மனியின் கதை வேறு விதம். 1990 ஜூலையில் கிழக்கின் சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேற்கின் நாணயமான மார்க்குக்கு மாற்றப்பட்டன. உற்பத்தித்திறன் அதற்குப் பக்கத்தில்கூட இல்லாததால் ஆலைகள் வரிசையாக மூடின. அதன்பின் வருமான வரிமேல் ஒற்றுமைக் கூடுதல் வரி போட்டு, பல பத்தாண்டுகள் பெரும் தொகை கிழக்குக்குப் போனது. தனிநபர் உற்பத்தி மேற்கில் பாதிக்கும் கீழே இருந்து முக்கால் பங்கை ஒட்டி வந்திருக்கிறது. செலவழிக்கக் கிடைக்கும் வருமானம் அதைவிட இன்னும் நெருங்கிவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பணப்பகிர்வின், அதாவது ஒரு பகுதியில் திரட்டிய வரிப்பணத்தை இன்னொரு பகுதிக்குக் கொடுப்பதன், வேலை. வாழ்க்கைத் தரத்தை அது சீக்கிரம் தூக்கும், உற்பத்தியைத் தூக்க அது மட்டும் போதாது.

எனக்கு நம்பிக்கை தரும் உதாரணம் 1933-இல் அமெரிக்காவில் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம். அணை, மின்சாரம், சாலை. பல பத்தாண்டுக்குப் பின் மானியம் ஓய்ந்தபோது விவசாயத்தில் கிடைத்த ஆதாயம் கரைந்துபோனது, தொழிற்சாலை வேலைகள் மட்டும் தொடர்ந்து பெருகின. கூட்டம் கூட்டத்தை ஈர்ப்பது பற்றி மேலே சொன்னேனே, அந்தச் சுழற்சி இங்கே பின்தங்கிய பகுதிக்குச் சாதகமாகச் சுழன்றது.

நாங்கள் உழைத்துக் கட்டும் வரியை ஏன் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்?

இந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரவு செலவை முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். ஏழைப் பகுதி ஒரு பிள்ளையைப் பெற்று, தடுப்பூசி போட்டு, பதினைந்து ஆண்டு படிக்கவைக்கிறது. அந்தப் பிள்ளை வேலைக்கு வந்து வரி கட்டுவது பணக்காரப் பகுதியில். பணக்காரப் பகுதியின் சரக்குக்குச் சந்தையும் அதே ஏழைப் பகுதிதான். தனி நாடாக இருந்தால் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தோ சுங்கம் போட்டோ தற்காத்துக்கொண்டிருக்கும். ஒரே நாட்டுக்குள் இருப்பதால் அந்தக் கருவிகளை அது கைவிட்டிருக்கிறது.

அதனால்தான் கூட்டாட்சி நாடுகள் இதைத் தர்மமாக அல்ல, விதியாக எழுதிவைத்தன. கனடா 1957-இல் சமன்படுத்தும் நிதியைத் தொடங்கி 1982-இல் அதை அரசமைப்பிலேயே சேர்த்தது. இந்திய அரசமைப்பின் 280ஆவது பிரிவு நிதிக்குழுவை அமைக்கச் சொல்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கான வரிப் பங்கைப் பிரித்தபோது, வருமான இடைவெளிக்கு மட்டும் 45 சதவீத எடை கொடுத்தது. கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன பணம் பள்ளியாகவும் மின்மாற்றியாகவும் ஆனதா, சம்பளமும் சலுகையுமாகவே கரைந்ததா? அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

தனிநபர் வருமானப் பட்டியலில் முதலிடம் என்றால் அங்கே எல்லோரும் வசதியானவர்கள்தானே?

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பட்டியல் காட்டுவது அந்த எல்லைக்குள் நடந்த உற்பத்தியை அங்கே வசிப்பவர்களால் வகுத்த எண்ணை. வாஷிங்டன் டி.சி. அமெரிக்க மாநிலங்களோடு சேர்த்துப் பார்த்தால் எப்போதும் உச்சியில் நிற்கும். காலையில் மேரிலாந்திலிருந்தும் வர்ஜீனியாவிலிருந்தும் ரயிலேறி வந்து, மாலையில் திரும்பிப் போகும் லட்சக்கணக்கானோரின் உழைப்பு உற்பத்திக் கணக்கில் சேருகிறது, அதை வகுக்கும் தலைக்கணக்கில் அவர்கள் சேருவதில்லை. கசகஸ்தானில் அட்டிராவ் முதலிடத்தில் இருப்பதற்குக் காரணம் எண்ணெய் வயல். அந்த லாபத்தின் பெரும்பங்கு நிறுவனங்களோடும் தலைநகரத்து வரியோடும் வெளியே போய்விடுகிறது. இதற்கு நேர்மாறு கேரளம். வெளிநாட்டிலிருந்து குடும்பங்களுக்கு வரும் பணம் மாநில உற்பத்திக் கணக்கில் ஏறாது, வீட்டுச் செலவில் தெரியும்.

விலைவாசியையும் மறக்கக் கூடாது. அமெரிக்க அரசு மாநில வாரியாக விலை அளவைத் தனியே வெளியிடுகிறது. அதை வைத்துத் திருத்தினால் மிசிசிப்பிக்கும் கலிபோர்னியாவுக்கும் உள்ள தூரம் கணிசமாகக் குறைந்துவிடும். பல நாடுகளில் இப்படி ஒரு வட்டார விலைக் கணக்கே கிடையாது. அங்கே ‘இடைவெளி’ என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு வாடகை வித்தியாசமாகத்தான் இருக்கும்.

மாநிலங்கள் நெருங்கிவிட்டால் ஏற்றத்தாழ்வு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு பின்தங்கிய மாநிலத்தின் தலைநகரம் மட்டும் பாய்ந்து வளர்ந்தால் மாநிலச் சராசரி ஏறிவிடும், தொலைவில் உள்ள மாவட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். மாநிலங்களுக்கு இடையில் நெருங்குதலும் மாநிலத்துக்குள் விலகலும் ஒரே நேரத்தில் நடக்கும். எந்த அளவில் கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறும்.

ஒரு பகுதி நிஜமாகவே நெருங்குகிறதா என்று நானே பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது?

ஒரு ஆண்டின் வளர்ச்சி விகிதத்தைப் பார்க்காதீர்கள். மழை பொய்த்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு எந்த விவசாயப் பகுதியும் பிரமாதமாக வளர்ந்ததாகத்தான் காட்டும். குறைந்தது பத்து, பதினைந்து ஆண்டுக்கு அந்தப் பகுதியின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் எத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். தொடக்க ஆண்டும் கடைசி ஆண்டும் பஞ்ச ஆண்டாகவோ நெருக்கடி ஆண்டாகவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி ஏறியிருந்தால், எதனால் ஏறியது என்று பிரியுங்கள். மக்கள்தொகைக் கணக்கை அருகில் வைத்தால், ஆட்கள் வெளியேறியதால் ஏறியதா என்று தெரியும். துறைவாரி உற்பத்தியைப் பார்த்தால், ஒரே சுரங்கமோ அரசுச் சம்பளமோ தூக்கியதா என்று தெரியும். உற்பத்தியும் வீட்டுச் செலவும் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால் பணப்பகிர்வின் பங்கு தெரியும். கணக்கு சரியாகக் கிடைக்காத இடங்களுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சப் படங்களையும் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியாக, அந்தப் பகுதியில் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே வேலையில் இருக்கிறார்கள் என்ற எண் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். அது அரிதாகத்தான் வெளியாகும். மற்ற எண்களெல்லாம் நெருங்குகிறது என்று சொல்லி, இது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டிருந்தால், நான் மற்ற எண்களைத் திரும்பவும் சரிபார்ப்பேன்.